கித்தார் கைவரும் வழி



நம் நாட்டிலே எத்தனையோ வீடுகளின் முன்னறைச் சுவரில் ஒரு கித்தார் தொங்குவதைக் காணலாம். அதற்கு உறை போட்டிருக்கும். உறையின்மேல் தூசி படிந்திருக்கும். யாருடைய வாத்தியம் என்று வினவினால், "மூத்தவன் ஆசைப்பட்டு வாங்கினான், மூன்று மாதம் வாசித்தான், பிறகு விட்டுவிட்டான்" என்று வீட்டார் சொல்வார்கள். மூத்தவனைக் கேட்டாலோ, "எனக்குக் கைவரவில்லை" என்பான்.

கைவரவில்லை என்ற அந்த ஒரு சொல்லைச் சற்றே விசாரித்துப் பார்ப்பதற்கு இன்று உங்கள் நேரத்தில் சிறிது கேட்கிறேன். அந்தப் பிள்ளை சோம்பேறியல்லன். நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம்கூட வாசித்திருப்பான். விரல்நுனி சிவந்து தடிக்கும்வரை வாசித்திருப்பான். ஆயினும் முதல் மாதத்தில் எங்கே தடுக்கினானோ, மூன்றாம் மாதத்திலும் அங்கேயே தடுக்கினான். உழைத்தும் பயன் காணாதபோது மனிதன் தன்னையே குறைகூறிக் கொள்கிறான். தனக்கு அந்த வரம் இல்லை என்று தீர்மானித்து, வாத்தியத்தை மாத்திரமன்றித் தன் ஆசையையும் சேர்த்து ஆணியில் மாட்டிவிடுகிறான். பதினாறு வயதில் எடுக்கும் இத்தகைய தீர்மானம் அறுபது வயதுவரை கூடவே வருவதுண்டு. அது பெரும்பாலும் ஆராயாமல் எடுத்த தீர்மானம் என்பதே என் எண்ணம்.

கித்தார் ஸ்பானிய தேசத்தின் வாத்தியம். இன்று நாம் காணும் உருவத்தை அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பெற்றது. அந்தோனியோ தெ தொர்ரெஸ் என்னும் ஸ்பானியத் தச்சர் வகுத்த அமைப்பையே செவ்வியல் கித்தார் செய்வோர் பெரும்பாலும் இன்றளவும் பின்பற்றுகின்றனர். அவர் 1817 இல் பிறந்து 1892 இல் மறைந்தவர். நமது வீணைக்கு 24 மெட்டுகள். செவ்வியல் கித்தாருக்கு 19. வீணையின் மெட்டுகள் மெழுகிலே பதிந்தவை; கித்தாரின் மெட்டுகள் மரத்திலே அறைந்தவை. நம் நாட்டில் இவ்வாத்தியம் பைலாப் பாட்டோடு சேர்ந்து கொண்டாட்டங்களில் இடம்பிடித்துக்கொண்டது. நாம் உட்காரும் கதிரைக்குப் பெயர் தந்த போர்த்துக்கேய மொழியே பைலாவுக்கும் பெயர் தந்தது.

இந்த வாத்தியத்திலே ஒரு வஞ்சகம் உண்டு. வயலினை முதன்முதல் கையிலெடுப்பவன் வில்லை இழுத்தால் அது கிறீச்சிடும். அயல்வீட்டார் யன்னலைச் சாத்துவர். கித்தாரோ முதல்நாளே இனிமையாக ஒலிக்கும். மூன்று நான்கு சுரங்களை ஒருங்கே ஒலிப்பித்தலை மேனாட்டார் கார்ட் என்பர். நாம் சுரக்கூட்டு எனலாம். அத்தகைய கூட்டுகள் மூன்றைக் கற்றுக்கொண்டால் ஒரு மாதத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பாட்டுகளுக்குப் பக்கவாத்தியம் வாசித்துவிடலாம். தொடக்கம் இவ்வளவு எளிதாயிருப்பதனால், அதற்கு மேற்பட்டதும் தானாகவே வந்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம். அது வருவதில்லை. அங்கேதான் பயிற்சி என்ற ஒன்று தேவைப்படுகிறது.

வாசிப்பது வேறு, பயில்வது வேறு. ஒரு பாட்டைத் தொடக்கத்திலிருந்து வாசித்துப் போகிறோம். எட்டாவது அடியிலே விரல் தடுக்குகிறது. நிறுத்தி, மறுபடி முதலடியிலிருந்து தொடங்குகிறோம். மறுபடி எட்டாவது அடியிலே தடுக்குகிறது. இப்படிப் பத்துத் தடவை செய்தபின் நடந்ததென்ன? ஏற்கெனவே நன்றாக வந்த ஏழு அடிகளுக்குப் பத்துத் தடவை மெருகேறியது. எட்டாவது அடியையோ பத்துத் தடவை பிழையாக வாசித்துப் பழகிவிட்டோம். கைக்குச் சரி பிழை தெரியாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்விக்கிறோமோ அதையே அது கற்றுக்கொள்ளும்.

இது ஆய்விலும் கண்ட உண்மை. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபேர்ட் டியூக் என்பவரும் அவருடைய துணைவர்களும் 2009 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தேர்ச்சிபெற்ற பியானோ மாணாக்கர் 17 பேரிடம், ருஷிய இசைமேதை ஷொஸ்தகோவிச்சின் படைப்பொன்றிலிருந்து சிறியதொரு பகுதியைக் கொடுத்தார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமாயினும் பழகலாம். மறுநாள் வந்து, புதிதாகப் பழகாமலே வாசித்துக்காட்ட வேண்டும். மறுநாள் மிகச் சிறப்பாக வாசித்தவர்கள் முன்னாளிலே அதிக நேரம் பழகியவர்களும் அல்லர். அதிக தடவை வாசித்தவர்களும் அல்லர். அவர்களும் பழகும்போது பிழைவிட்டவர்களே. ஆனால் பிழை நேர்ந்தவுடன் அது எவ்விடத்தில் எதனால் நேர்ந்தது என்று கண்டுகொண்டார்கள். அந்த இடத்தை மட்டும் பிரித்தெடுத்து, வேகத்தைக் குறைத்து, சரியாக வரும்வரை விடாமல் செய்தார்கள். ஆகவே ஒரே பிழை அவர்களிடத்தில் திரும்பத் திரும்பத் தலைகாட்டவில்லை.

இதைக் கித்தாருக்குப் பொருத்திப் பார்ப்போம். எட்டாவது அடி தடுக்குகிறதென்றால், உண்மையில் தடுக்குவது அந்த அடி முழுவதுமன்று. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் ஒரு கணமே தடுக்குகிறது. எந்த விரல் பிந்துகிறது? சுண்டுவிரல் தந்தியைவிட்டு வெகுதூரம் மேலெழும்பிவிட்டதா? வலக்கை தவறான தந்தியைத் தட்டியதா? இதைக் கண்டுகொள்ள ஒரு நிமிடம் செலவழித்தால் அரை மணித்தியாலம் மிஞ்சும். பிறகு தடுக்கும் இடத்துக்கு முன் ஒரு சுரமும் பின் ஒரு சுரமும் சேர்த்து, அந்த மூன்று சுரங்களை மட்டும் ஆமை வேகத்திலே வாசிக்க வேண்டும். அது சரியாக வந்தபின் முன்னும் பின்னும் ஒவ்வொரு சுரமாக நீட்டலாம். கேட்போருக்கு இது சுவையான சங்கீதமாக இராது. ஆதலால் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இவ்விடத்தில் ஒரு வேண்டுகோள். "அதையே எத்தனை தரம் வாசிப்பாய், வேறு பாட்டு ஒன்று வாசியேன்" என்று சொல்லிவிடாதீர்கள். அதையே வாசிக்கும் பிள்ளைதான் ஒழுங்காகப் பழகுகிறது.

வேகத்தைக் குறைத்தல் என்றேன். இதற்கு நம்மவரிடத்தில் நெடுங்காலமாகவே ஒரு முறை உண்டு. கர்நாடக சங்கீதம் பழகிய நேயர்கள் சரளிவரிசையை மறந்திருக்கமாட்டார்கள். மாயாமாளவகௌளையிலே சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம் என்று படிப்படியாக ஏற்றிச் செல்லும் பாட ஒழுங்கைப் புரந்தரதாசர் வகுத்தார் என்பது மரபு. அவ்வரிசைகளை மூன்று காலங்களிலே பாடுவிப்பர். தாளத்தின் நடையை மாற்றாமலே, முதற்காலத்தில் ஓரெண்ணிக்கைக்கு ஒரு சுரம், இரண்டாங்காலத்தில் இரண்டு, மூன்றாங்காலத்தில் நான்கு. கித்தார் பழகுவோருக்கு இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன். மேனாட்டு மாணாக்கர் மெட்ரோனோம் என்னும் கருவியை வைத்துக்கொள்வர். 1815 இல் மெல்செல் என்பவர் உரிமைப்பதிவு செய்த கருவி அது. இப்பொழுது கைத்தொலைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு சுரம் வாசியுங்கள்; பின்னர் இரண்டு; பின்னர் நான்கு. இரண்டிலிருந்து நான்குக்குத் தாவுதல் கடினமாயிருந்தால், இரண்டிலேயே நின்று, 60 ஐ 64 ஆகவும், 64 ஐ 68 ஆகவும் சிறிது சிறிதாக ஏற்றலாம். ஒரு வேகத்திலே தொடர்ந்து மூன்று தடவை பிழையின்றி வந்தாலன்றி அடுத்த வேகத்துக்குப் போகாதிருத்தல் நல்லது. கருவி இல்லாதவர் காலால் தாளம் போடலாம். ஆனால் கடினமான இடம் வந்ததும் கால் தானும் பிந்திவிடும். கருவிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

சுரவரிசை பழகுவது சிறுபிள்ளைகளின் வேலை என்று நினைப்போரும் உளர். அந்திரேஸ் செகோவியாவை விடப் பெரிய கித்தார் வித்துவானை இருபதாம் நூற்றாண்டு கண்டதில்லை என்பார் பலர். அவர் 1893 இல் ஸ்பானியாவின் லினாரெஸ் என்னும் ஊரிலே பிறந்தார். பெரும்பாலும் தாமாகவே பயின்று, 1909 இல் கிரனாடா நகரிலே அரங்கேறி, 1987 இல் தமது 94 ஆவது வயதில் மறைந்தார். அவர் 1953 இல் வெளியிட்ட சிறு நூலொன்று சுரவரிசைகளையும் அவற்றுக்குரிய விரலமைப்பையும் மட்டுமே கொண்டது. உறுதியான கைத்திறனை விரும்புவோன் சுரவரிசையைப் பொறுமையாகப் பயிலவேண்டும் என்றும், நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் அதற்கு ஒதுக்கினால் கைகளின் பல குறைகள் நீங்கும் என்றும் அதன் முன்னுரையிலே எழுதினார். இரண்டு மணித்தியாலம் செகோவியாவின் சீடர்களுக்குப் பொருந்தும். காரியாலயத்திலிருந்து பஸ்ஸிலே நின்றபடி வீடு வந்து சேர்பவருக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடமும் நாடோறும் கிடைக்க வேண்டும் என்பதே முக்கியம்.

அப்படியாயின் எவ்வளவு நேரம் பழகுவது? இந்தக் கேள்விக்குப் பதினாயிரம் மணித்தியாலம் என்றொரு விடை உலகெங்கும் உலாவி வருகிறது. அது பிறந்த இடத்தைச் சொல்கிறேன். 1993 இல் அன்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் இருவரும் பேர்லின் நகரத்து இசைக்கலாசாலையின் வயலின் மாணாக்கரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். மிகச் சிறந்தோர் 18 வயதுக்குள் சராசரியாக ஏறத்தாழ 7,400 மணித்தியாலமும், அடுத்த நிலையினர் ஏறத்தாழ 5,300 மணித்தியாலமும், இசையாசிரியராகப் பயிலவந்தோர் ஏறத்தாழ 3,400 மணித்தியாலமும் தனிமையிற் பழகியிருந்தனர். 20 வயதில் சிறந்தோரின் சராசரி பதினாயிரத்தைத் தாண்டியது. சராசரி என்பதை மறந்து, அத்தனை மணித்தியாலம் பழகியோர் எல்லாரும் வித்துவான்களாவர் என்று பின்வந்தோர் பேசத் தொடங்கிவிட்டனர். எரிக்சனே அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 2014 இல் பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தோர், இசைத்துறையில் மனிதருக்கு மனிதர் காணப்படும் திறமை வேறுபாட்டிலே ஏறத்தாழ 21 வீதத்தையே இத்தகைய பயிற்சியால் விளக்கலாம் என்று கண்டனர். மிகுதி எங்கிருந்து வருகிறது? தொடங்கிய வயது, ஆசிரியர், பிறவியில் வாய்த்தவை எனப் பலவாகச் சொல்லலாம். அதைக் கேட்டு மனந்தளர வேண்டியதில்லை. அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் கணக்கு அது. சென்ற மாதத்து உங்களோடு இந்த மாதத்து உங்களை ஒப்பிட்டால், பயிற்சி செய்தவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வேறுபாடு வீட்டிலுள்ள எவருக்கும் காதிலே விழும்.

அந்த பேர்லின் ஆய்விலே பலரும் கவனியாத வேறொரு செய்தி உண்டு. சிறந்தோர் ஒரே மூச்சாகப் பழகவில்லை, இடையிடையே ஓய்வெடுத்தார்கள், பிற்பகலிலே சிறிது நித்திரையும் கொண்டார்கள். விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியோர், இடையிலே வேறு பயிற்சி இல்லாமலே, ஓர் இரவு நன்றாக உறங்கி எழுந்தபின் அதை முன்னிலும் விரைவாகச் செய்வதை வேறு ஆய்வாளரும் கண்டிருக்கின்றனர். இரவிலே எத்தனை முயன்றும் வராத இடம் காலையிலே தானாக வருவதை வாத்தியம் பழகுவோர் வியப்போடு சொல்வதுண்டு. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் வாசித்துவிட்டு ஆறு நாள் தொடாதிருப்பதிலும், நாளுக்கு அரை மணித்தியாலம் பழகுதல் மேல். மூன்று மணித்தியாலத்துக்கு ஓர் இரவுதான். நாடோறும் பழகுவோனுக்கோ ஏழு இரவுகள் கிடைக்கின்றன.

இனி இடக்கையைக் கவனிப்போம். புதிதாகப் பழகுவோர் தந்தியை அழுத்துவதைப் பார்த்தால் எதையோ கொல்ல முயல்வது போலிருக்கும். தந்தியை மெட்டுக்கு மிக அருகே, அதன் பின்புறமாக அழுத்தினால் சிறு விசையே போதுமானது; மெட்டைவிட்டு விலகி நடுவிலே அழுத்தினால் இருமடங்கு பாடுபட்டும் சில வேளை கரகரக்கும். எவ்வளவு விசை வேண்டும் என்பதை அறிய ஓர் அப்பியாசம் உண்டு. விரலைத் தந்தியின்மேல் இறகுபோல வைத்துத் தட்டுங்கள். ஒலி மந்தமாக வரும். அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே தட்டிக்கொண்டிருங்கள். கரகரப்பு நீங்கி ஒலி தெளியும் அந்தக் கணத்திலே நிறுத்துங்கள். உங்களுக்குத் தேவையான விசை அவ்வளவே. அதற்கு மேலுள்ளது எல்லாம் கைக்கு வீண் சுமை.

சுரக்கூட்டை மாற்றுவதிலேதான் முதல் மூன்று மாதங்களிற் பலர் சோர்ந்துபோகிறார்கள். ஒரு கூட்டிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது விரல்கள் அனைத்தையும் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாக வைப்பதே காரணம். எந்த விரல் அசையாமல் நிற்கலாம் என்று முதலில் பாருங்கள். சீ மேஜர் கூட்டிலிருந்து ஏ மைனர் கூட்டுக்குப் போகையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மோதிரவிரல் மட்டுமே ஐந்தாந் தந்தியின் மூன்றாம் மெட்டிலிருந்து மூன்றாந் தந்தியின் இரண்டாம் மெட்டுக்கு நகரும். இதைத் தெரிந்துகொண்டவனுக்கும் தெரியாதவனுக்கும் உள்ள வேறுபாட்டை வரம் என்று சொல்வதற்கில்லை. இரண்டு கூட்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்குள் எத்தனை தடவை மாற்ற முடிகிறது என்று எண்ணி, அந்த எண்ணை ஓர் அப்பியாசக் கொப்பியிலே திகதியோடு குறித்துவையுங்கள். முதல்நாள் 12 என்றிருந்தது இரண்டு வாரத்தில் 25 ஆகலாம், 30 ஆகலாம். தாம் முன்னேறவில்லை என்று காது பொய் சொல்லும் நாளிலே கொப்பி மெய் சொல்லும்.

எஃப் கூட்டு என்று ஒன்றுண்டு. சுட்டுவிரலை ஆறு தந்திகளுக்கும் குறுக்கே கிடத்தி அழுத்த வேண்டிய கூட்டு அது. எத்தனையோ கித்தார்கள் ஆணிக்குப் போனது இந்தக் கூட்டிலேதான். அதை முதலாம் மெட்டிலே பழகத் தொடங்க வேண்டாம். தலைப்பலகைக்கு அருகே தந்தி இறுக்கமாயிருக்கும். அதே கைவடிவத்தை ஐந்தாம் மெட்டிலே வைத்துப் பழகினால் எளிதாக வரும். அங்கே தேறியபின் மெட்டு மெட்டாகக் கீழிறங்கி முதலாம் மெட்டுக்கு வரலாம். சுட்டுவிரலைத் தட்டையாக வைக்காமல் பக்கவாட்டிலே சிறிது சாய்த்தால் விரலின் எலும்பு தந்தியைத் தாங்கும்.

வலக்கைக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லி அதன் அருமையை விளக்கலாம். பிரான்சிஸ்கோ தாரெகா என்னும் ஸ்பானிய இசைஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே அல்ஹம்பிரா மாளிகையின் நினைவாக ஓர் இசைப்படைப்பை இயற்றினார். அதைக் கேட்போருக்கு, கீழே ஒருவர் நிதானமாக வாசிப்பது போலவும், மேலே மற்றொருவர் நீரோட்டம்போல் இடையறாத ஒலி எழுப்புவது போலவும் தோன்றும். வாசிப்பவர் ஒருவரே. பெருவிரல் கீழ்த்தந்தியைத் தட்டியவுடன், மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் மூன்றும் அந்த ஒழுங்கிலே மேல்தந்தி ஒன்றையே அடுத்தடுத்துத் தட்டுகின்றன. நான்கு தட்டும் சமமாக விழ வேண்டும். ஒரு விரல் ஓங்கினாலும் பிந்தினாலும் நீரோட்டம் கலைந்து குதிரை நொண்டுவது போலாகிவிடும். இதைப் பழகும் வழி யாதெனில், ஒவ்வொரு தட்டும் தனித்தனியே காதில் விழுமளவுக்கு மெதுவாகத் தொடங்குவதே. ஒரு தடவை மோதிரவிரலுக்கு அழுத்தங் கொடுத்து வாசிக்க வேண்டும், மறுதடவை நடுவிரலுக்கு, பின்னர் சுட்டுவிரலுக்கு. பலவீனமான விரல் எதுவென்று அப்போது தானே வெளிப்படும். முதலாந் தந்தியை விட்டு இரண்டாந் தந்தியிலே பழகினால், இருபுறமும் வேறு தந்திகள் இருப்பதனால் விரல் ஒழுங்காகச் செல்லக் கற்றுக்கொள்ளும். மெதுவாக வாசிக்கையில் ஒரு விரல் பிந்தினால் காது உடனே பிடித்துவிடும். விரைந்தோடினால் குறை அந்த வேகத்திலே மறைந்துவிடும். மறைந்த குறை திருந்துவதில்லை. மாதக்கணக்காக இப்படிப் பழகியபின் ஒருநாள் மூன்று விரலும் ஒரே ஒலியாகக் கலந்து வரும்போது உண்டாகும் மகிழ்ச்சியைச் சொற்களால் விளக்க என்னால் முடியாது.

நோவைப் பற்றியும் சொல்லவேண்டும். விரல்நுனி நோவது இயல்பு. சில வாரங்களில் அங்கே தோல் தடித்து நோவு நீங்கும். நைலோன் தந்தியில் இது குறைவு, உருக்குத் தந்தியில் அதிகம். பாத்திரம் கழுவியதும் குளித்ததும் உடனே பழகினால் ஊறிய தோல் உரியும். சற்றுப் பொறுத்துத் தொடங்குங்கள். ஆனால் மணிக்கட்டிலோ, முன்கையிலோ, பெருவிரலின் அடியிலோ நோவு கண்டால் அது வேறு விஷயம். நோவைச் சகித்துக்கொண்டு வாசிப்பது வீரமென்று எண்ணி, கையையே கெடுத்துக்கொண்டவர் உண்டு. அந்நேரமே நிறுத்துங்கள், அடுத்த நாளும் நோவு தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கை என்று பேசும்போது ஜாங்கோ ரைன்ஹார்ட்டை நினையாதிருக்க முடியாது. நாடோடி வண்டிகளிலே வாழ்ந்த குடும்பத்தில் 1910 இல் பிறந்தவர் அவர். 1928 நவம்பரில், பாரிஸ் நகரத்தின் அயலிலே, அவருடைய வண்டி தீப்பற்றியது. அவருக்கு அப்போது 18 வயது. இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் வெந்து சுருங்கிப் பயனற்றுப் போயின. கித்தாருக்கு இடக்கையில் நான்கு விரல் வேண்டும் என்றே எல்லா நூல்களும் சொல்லும். அவர் எஞ்சிய இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பப் பாடத்திலிருந்து தொடங்கினார். இரண்டு விரல்களுக்கு எந்த வழி இசையுமோ அந்த வழியிலே சுரவரிசைகளை மாற்றி அமைத்துக்கொண்டார். குறுக்கே தாண்ட முடியாத இடத்தில் தந்தியோடு நெடுக ஓடினார். சுருங்கிய விரல்களையும் சுரக்கூட்டுகளுக்கு இயன்றமட்டும் பயன்படுத்தினார். 1934 இல் வயலின் வித்துவான் ஸ்தெபான் கிரப்பெல்லியோடு சேர்ந்து அமைத்த இசைக்குழுவினால் ஐரோப்பா எங்கும் பெயர்பெற்றார். 1953 இல் மறைந்தார். அவர் வாசித்த இசைத்தட்டுகளின் வேகத்தை எட்டுவதற்கு நான்கு விரல் உள்ளோர் இன்றும் பாடுபடுகிறார்கள். தம்முடைய கை எது செய்யும், எது செய்யாது என்பதை அவர்போல் கூர்ந்து ஆராய்ந்தவர் சிலரே. சிறிய கை உடையோரும், முதுமையிலே தொடங்குவோரும் அந்த ஆராய்ச்சியை அவரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். நூலிலே எழுதிய விரலமைப்பு உங்கள் கைக்குப் பொருந்தாவிட்டால் ஆசிரியரைக் கேட்டு மாற்றிக்கொள்வதில் தவறில்லை.

அரை மணித்தியாலத்தை எப்படிப் பங்கிடுவது என்று கேட்கலாம். நான் சொல்வது ஒரு மாதிரியே. முதல் ஐந்து நிமிடம் மிக மெதுவாக ஒரு சுரவரிசை. கை அப்போதுதான் இளகும். அடுத்த பத்து நிமிடம், நேற்றுக் கொப்பியிலே குறித்த தடுக்கும் இடங்கள் இரண்டு. மனம் களைப்படையுமுன் இதை முடித்துவிட வேண்டும். பின் ஐந்து நிமிடம் கூட்டு மாற்றம். எஞ்சிய பத்து நிமிடம் பாட்டு. அந்தப் பத்து நிமிடத்தில் பிழை வந்தாலும் நிறுத்தாமல் வாசியுங்கள். நாலுபேர் முன்னிலையிலே வாசிப்பவன் நடுவிலே நிறுத்தி மன்னிப்புக் கேட்க முடியாதல்லவா? கிழமைக்கு ஒரு தடவை கைத்தொலைபேசியிலே ஒரு பாட்டைப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது செவிக்கு எட்டாத குறை அப்போது எட்டும். நன்றாக வந்த இடமும் தெரியவரும். காய்ச்சலாலோ, பரீட்சையாலோ, கலியாண வீட்டாலோ சில நாள் தவறிப்போனால், தவறிய மணித்தியாலங்களைச் சேர்த்து ஒரே நாளில் வாசித்துத் தீர்க்க முயலாதீர்கள். விட்ட இடத்துக்குச் சற்று முன்னிருந்து, சற்றுக் குறைந்த வேகத்திலே தொடங்கினால் இரண்டொரு நாளில் கை பழைய நிலைக்கு வந்துவிடும்.

பழகத் தொடங்குமுன் சுருதி கூட்டுதல் இன்றியமையாதது. தடித்த ஆறாந் தந்தி தொடங்கி ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பது வழக்கமான ஒழுங்கு. ஆறாந் தந்தியின் ஐந்தாம் மெட்டு ஒலியும் ஐந்தாந் தந்தியின் திறந்த ஒலியும் ஒத்திருக்க வேண்டும். அப்படியே மேலே செல்லலாம். மூன்றாந் தந்தியிலே மட்டும் ஐந்துக்குப் பதிலாக நான்காம் மெட்டு. முதலில் காதால் கூட்டிவிட்டுப் பின்னர் கருவியால் ஒத்துப்பாருங்கள். காதுக்கு அதுவே அன்றாடப் பாடம்.

நம் தேசத்துக் கடற்காற்றும் வியர்வையும் உருக்குத் தந்தியை விரைவிலே துருப்பிடிக்கச் செய்யும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளைத் துடைத்துவிட்டு, கித்தாரை வெயில் படாத, ஆனால் கை எட்டும் இடத்திலே வையுங்கள். துருப்பிடித்த தந்தி விரலையும் அரிக்கும், சுருதியையும் கெடுக்கும். ஆகவே காலத்துக்குக் காலம் மாற்றவேண்டும். புதிய நைலோன் தந்தி போட்டால் அது இழுபட்டு நிலைகொள்ளச் சில நாள் செல்லும். அந்த நாட்களில் பத்து நிமிடத்துக்கொரு தடவை நிறுத்திச் சுருதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.